கூட்டக் குறிப்பில் சேராதவை

மூன்று மணிக்கென்று எழுதியிருந்தோம்.
மூன்றே முக்காலுக்குத்தான் கதிரைகள் நிறைந்தன.
அம்பகாமத்து மாதர் சங்கக் கட்டடத்தின் தகரம்
வைகாசி வெயிலில் நெளிந்து
இடைக்கிடை டக்கென்றது.

செயலாளர் நான். கொப்பியில் எழுதியது இவ்வளவு:
ஆனி மாதம் மூன்றாம் சனி, சமையல் போட்டி.
இறைச்சி, மீன், முட்டை, பால், நெய், தேன் கூடாது.
சமைப்பது இங்கே, இந்தப் பருவத்தில் விளைந்ததாக இருக்கவேண்டும்.
தட்டொன்று இருநூறு ரூபா.
சேரும் காசு, இரத்தம் சுத்திகரிக்கக்
கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா போகும்
ஐந்து பேரின் வான் கூலிக்கு.

எழுதாதது:
"பாலும் கூடாதோ?" என்று எழும்பினா பரிமளகாந்தி.
ஏழு பசு வைத்திருப்பவ.
பால் விற்ற காசில் முதல் பரிசுக்குப் பத்தாயிரம் தருவதாகப்
போன கூட்டத்தில் கை தூக்கியவ.
"என்ர மாட்டின்ர காசு கூடும், பால் கூடாது, என்ன?"
மெற்றில்டா மேசைக்குக் கீழே குனிந்து
விழாத பேனையைத் தேடினா.

"அப்ப தேங்காய்ப்பால்?"
"அது கூடும்."
"அதுவும் பால்தானே."
"அதுக்குக் கண்டு இல்லை," என்றா
கடைசி வாங்கில் இருந்து லெட்சுமிப்பிள்ளை.
பிறகு பால் கதை எழும்பவில்லை.

மாதத்தில்தான் சண்டை.
மார்கழி என்றால் முசுட்டை, வல்லாரை,
வேலி முழுக்கத் தூதுவளை.
ஆனால் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாயும்,
தட்டு வாங்க ஆர் வருவினம்?
ஆனி என்றால் கீரை கருகிவிடும்.
பயறும் உழுந்தும் மூட்டையில் இருக்கும்,
முருங்கை இருக்கும், பாலைப்பழம் இருக்கும்.
"பாலைப்பழத்தில என்ன கறி? வாய்தான் ஒட்டும்."
"ஒட்டட்டும். நடுவர்மார் கதைக்காமல் இருப்பினம்."

ருசிக்கு ஐம்பது, புதுமைக்கு முப்பது,
துப்புரவுக்கு இருபது என்று புள்ளி பிரித்தோம்.
அப்போது தவமலர், அவ்வளவு நேரமும் வாய் திறக்காதவ,
"அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும் போட்டால்
விதிக்குள்ள வருமோ?" என்று கேட்டா.

வரும்.
புள்ளி போடுவதற்கு ஒருவரும் முன்வரவில்லை.
கொப்பியில் அந்த இடத்தில்
ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன்.

பூசணிக்கு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
குளத்துக்குக் கீழே தோட்டம், அறுபது காய்.
நாற்பது தருகிறேன் என்று என் கையாலேயே எழுதினேன்.

வெள்ளி இரவு, மின்வேலியின் பற்றரி இறங்கிய நேரம்,
யானைகள் வந்தன. இரண்டு பெரிது, ஒரு குட்டி.
விடிய எண்ணினேன். முழுதாய்ப் பதினேழு.
மிச்சத்தில் பாதி வயிற்றில், பாதி காலடியில்.

போனில் பரிமளகாந்தி ஒரு கணம் பேசவில்லை. பிறகு,
"இறைச்சி, மீன், முட்டை ஏதும் தொட்டவையோ?"
இல்லை.
"இந்த ஊர் விளைச்சல், பருவத்துக் காய்?"
ஓம்.
"அப்ப முதல் போட்டியாளர் அவைதான்.
குட்டி தாயிட்டப் பால் குடிச்சிருக்கும்,
அதை மட்டும் விலக்குவம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

பத்து மணிக்கு லான்ட்மாஸ்ரரில் வந்து இறங்கினா.
மிதிபட்ட பூசணியை விதையோடும் மண்ணோடும்
சாக்கில் அள்ளினா, மாட்டுக்கு.
அது அந்த ஏழு மடியில் ஊறி,
விடிய வானில் பால் சேகரிக்கிற இடத்துக்குப் போய்,
பத்தாயிரமாய்த் திரும்பி
பால் சேராத சமையலுக்குப் பரிசாகும்.
இதை எந்த விதியில் எழுதுவது?

வரம்பில் குந்தி, ஈர்க்கால் மண்ணில் கணக்குப் பார்த்தேன்.
பதினேழு காய், காய்க்குப் பன்னிரண்டு தட்டு.
நாற்பதாயிரத்து எண்ணூறு.
வவுனியாவுக்குப் போய்வர வான் பன்னிரண்டாயிரம் கேட்கிறான்.

மூன்று தரம்.
நாலாவது தரத்துக்கு
ஆரிடமாவது கத்தரிக்காய் இருக்குமோ
கேட்கவேண்டும்.