வெட்டிய பாதி

பனிமலையை அளக்க லீமாவிலிருந்து வந்த பையன்
வீடு வீடாய்ப் பழைய படம் கேட்டான்.
உவாராஸில் யாரிடம்தான் இல்லை?
சிரித்ததெல்லாம் அந்த மலைக்கு முன்னால் நின்றுதான்.

என் கல்யாணப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பனி முடிகிற இடம் இதில் இல்லையே, சென்யோரா."
இருக்காது.
அது தியோஃபிலோவின் தோளுக்குப் பின்னால் இருந்தது.
தியோஃபிலோவை
நகம் வெட்டும் கத்தரியால் நான் நறுக்கி
இருபத்தாறு வருஷம்.

தையல் மேஜையைச் சாய்த்துப் பிடித்தான் பையன்.
ஆட்டம் கண்ட காலுக்கு அடியில்
நாலாய் மடித்த புருஷன்.
பிரித்தோம்.
முகம் மடிப்போடு போயிருந்தது. நல்லது.
தோள் இருந்தது,
கடன் வாங்கிய கோட்டில்.
தோளை உரசிக்கொண்டு,
இன்று கழுதைகூட மேயாத கற்சரிவு முழுக்க
வெள்ளை.

பையன் அளவுகோலை வைத்தான்.
"ஒன்பது மில்லிமீட்டர்."
வெளியில் அது எவ்வளவு என்றேன்.
ஜன்னலைப் பார்த்தான், பதில் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்:
அன்று செருப்பில்லாமல் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு
சோறு ஆறுமுன் திரும்பினோம்,
நானும் அவனும்.

இரண்டு பாதியையும் ஒட்டித் தரச் சொன்னேன்.
மலைக்காகத்தான்.

மேஜை ஆடுகிறது.
இன்னும் வேறெதையும்
மடித்து வைக்கவில்லை.