இன்று யார் நிலநடுக்கம்?

கொக்கிம்போ. துறைமுகத்துக்கு மேலே, சரிவில்,
மஞ்சள் பூசிய மழலையர் பள்ளி.
முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலியில் நான்.
மடியில் பல்கலைக்கழகம் கொடுத்த படிவம்.

ஒன்றை இன்னொன்றாக வைத்துக்கொண்டால் ஒரு கோடு.
இல்லாததை இருக்கிறதென்றால் ஒரு கோடு.
தன்னையே வேறு யாராகவோ ஆக்கிக்கொண்டால்
மூன்றாம் கட்டத்தில் ஒரு கோடு.
பத்து நிமிடத்துக்கொரு கூட்டல்.

பல்தசார் தயிர்க் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வருகிறான்.
டண் டண் டண்.
கேஸ்காரன்.
மியராய் காசு நீட்டுகிறாள், ஒரு பொத்தான்.
போதாதாம். விலை ஏறிவிட்டதாம்.
'எல்லாம்தான் ஏறுது' என்று முனகியபடி
தன் சட்டைப் பொத்தானையே
பிய்க்கப் பார்க்கிறாள்.
இதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

முட்டை அட்டைக்குள் ரொட்டி வேகிறது.
கட்டை நாய்க்குப் பசி.
அது கட்டையென்று அவர்களுக்குத் தெரியாமலா?
நேற்று அதை மிதித்துவிட்டு
'கட்டை! கட்டை!' என்றுதானே அழுதான் தேயோ.
அழுது முடித்து, காலைத் தேய்த்து,
பிறகு அதன் தலையையும் தடவிக்கொடுத்தான்,
அதற்கும் வலித்திருக்கும் என்று.

நான்கு வயது.
தளும்பத் தளும்ப இரண்டு கிண்ணங்கள் ஒரே கையில்.
சிந்துவதெல்லாம்
பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான்.

'இன்று யார் நிலநடுக்கம்?' என்றாள் ரயேன்.
எல்லாக் கைகளும் மேலே.
கேட்டவளே ஜெயித்தாள்.

நிலநடுக்கத்துக்கு விதிகள் உண்டு.
மேஜைக்கடியில் போனவரைத் தொடக்கூடாது.
பாப்பாக்களைத் தூக்கிக்கொள்ள நேரம் தரவேண்டும்.
நாயை யாராவது மறந்து வந்துவிட்டால்
எடுத்து வரும்வரை
நின்று காத்திருக்க வேண்டும்.

கால் அகட்டி, கை உயர்த்தி,
தொண்டைக்குள்ளிருந்து தொடங்கினாள்.
குர்ர்ர்ர்.
மூன்றாம் கட்டத்தில் நான் கோடு இழுத்தேன்.

கோடு வளைந்தது.

விளக்கு ஆடிற்று. ஜன்னல் பற்களைக் கடித்தது.
'மேஜைக்கடியில், கண்ணுகளா'
என்றாள் ஒதேத் அத்தை,
சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில்.
அவர்கள் அங்கேதான் இருந்தார்கள், ஏற்கெனவே.
நடு அறையில் ரயேன் மட்டும்,
தூக்கிய கை தூக்கியபடி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.
'நிறுத்து' என்றான் பல்தசார்.
கையைக் கீழே போட்டாள்.
நிற்கவில்லை.
வாயை மூடிக்கொண்டாள்.
நிற்கவில்லை.
உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'நான் இல்லை' என்றாள்.
'இது நான் இல்லை. இது அது.'

ஒதேத் அத்தை இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.
பதினொரு வினாடி இருக்கும்.
ஒரு கோப்பை உடைந்தது, உண்மையான கோப்பை.
கீழே துறைமுகத்தில் நாய்களெல்லாம் குரைத்தன.
தேயோ தவழ்ந்து வெளியே வந்து
கட்டை நாயை எடுத்தான்.
'கூப்பிட்டா வரணும், இல்லையா?' என்று அதைத் திட்டினான்.

படிவத்தைப் பார்த்தேன்.
வேடம் போட்டதற்குக் கட்டம் இருக்கிறது.
அத்தனை கண்களுக்கு முன்னால்
அவசரமாகக் கழற்றியதற்கு?
வளைந்த கோட்டை அப்படியே விட்டேன்.
மேற்பார்வையாளர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள்.
'இன்று யார் நிலநடுக்கம்?'
ஒரு கையும் எழவில்லை.
மியராய் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.
பல்தசார் கேஸ் விற்கப் போய்விட்டான்.

ரயேன் உட்கார்ந்து
இடது கால் ஷூவைக் கழற்றினாள்.
காதில் வைத்தாள்.
'அலோ. நான்தான்.
நான் இப்ப வரப்போறேன்.
ஆமா, சும்மா விளையாட்டுக்கு.
நீ வராதே.'

அந்தப் பக்கம் என்னவோ நீளமாகப் பேச்சு.
காலுறையில் ஓட்டை, பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.
'ம்' என்றாள். 'ம். ம்.'
பிறகு ஷூவைப் பொத்திக்கொண்டு எங்களிடம்:
'யோசிச்சுச் சொல்லுதாம்.'

காத்திருந்தோம்.
கேஸ்காரனும் தட்டுவதை நிறுத்தியிருந்தான்.
யாரோ என் விரலைப் பிடித்து மேஜைக்கடியில் இழுத்தார்கள்.
படிவம் நாற்காலியில் கிடந்தது.
தேயோ நாயை என் மடியில் வைத்து,
'பயப்படுது, பிடிச்சுக்கோ' என்றான்.

பிடித்துக்கொண்டேன்.