பதினொரு மணி வெயில்

இந்த ஊரில் காலை பதினொரு மணி வெயிலுக்கு
யாரும் டிக்கெட் வைப்பதில்லை.
அதற்காகத்தான் வந்தேன்.

அட்லாண்டிக் சிட்டி. மார்ச்.
கடலோரப் பலகைப் பாதை இன்னும் காயவில்லை.
ரோலில் முப்பத்தாறு படம்;
நான்கைக் கடற்காகங்களிடம் தோற்றுவிட்டேன்.

இரவில் ஓடி ஓடி எரிகிற எழுத்தைப்
பகலில் பார்க்க வேண்டும்.
வெறும் கண்ணாடிக் குழாய்.
வளைவுகளில் கறுப்புப் பூச்சு,
முதுகில் துரு தின்ற சட்டம்.
'ஜாக்பாட்'டின் அந்த வட்ட எழுத்துக்குள்
வைக்கோல் துருத்திக்கொண்டு ஒரு குருவிக் கூடு.
தாய்ப் பறவை வரட்டும் என்று
இருபது நிமிடம் நின்றேன்.
வரவில்லை. கூட்டை மட்டும் எடுத்தேன்.

பளிங்கு என்று நினைத்த தூணைத் தட்டினால்
டப்பா சத்தம்.
தங்கக் குதிரைக்கு மூக்கில் சிமெண்ட்.
உப்புக்கு அவசரமே இல்லை.
இங்கே ஆட வந்தவர்களில்
இன்றுவரை தோற்காதது அதுதான்.

கூடை நாற்காலி வண்டி தள்ளும் லெமுவேல்
என்னை மறித்துச் சொன்னார்:
"படத்துக்கு அஞ்சு டாலர். சிரிச்சா பத்து."
ஐந்துக்குத்தான் சில்லறை இருந்தது.
அவர் முகத்தை இறுக்கிக்கொண்டதைப் பார்த்து
எனக்குச் சிரிப்பு வந்து கை ஆடிவிட்டது.
படம் முடிந்ததும் கம்பி வேலிக்குப் பின்னால்
புல் முளைத்த காலி மனையைக் காட்டினார்.
"மேல் மாடி எங்க இருந்துச்சோ
அங்க இப்ப பட்டம் பறக்குது பாருங்க."
பார்த்தேன். பட்டம் எதுவும் இல்லை.
அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அடகுக் கடைக் கண்ணாடியில்
வெல்வெட் தட்டு நிறையக் கல்யாண மோதிரங்கள்.
ஒவ்வொன்றும் ஒரு விரலின் பருமனை
இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறது.
அதை எடுக்கவில்லை.
என் முகமும் அந்தக் கண்ணாடியில் விழுந்ததால்.

முப்பத்தைந்தாவது படத்துக்குப் பிறகு
காபி வண்டியடியில் நெனிதாவைப் பார்த்தேன்.
இரவு ஷிப்ட் முடிந்து, கறுப்பு வெய்ஸ்ட்கோட்டோடு.
சீட்டு போட்டு இருபத்திரண்டு வருடம் என்றாள்.
காபிக்குப் பணம் கொடுத்தாள்,
பிறகு
ஒரு தடவை கைதட்டி
இரண்டு உள்ளங்கையையும் விரித்து
மேலே காட்டினாள்.

எதுவும் எடுக்கவில்லை,
எதுவும் ஒளிக்கவில்லை.
மேசையை விட்டு எழும் ஒவ்வொரு முறையும்
கூரையிலிருக்கும் கேமராவுக்குக் காட்டியே ஆக வேண்டிய கைகள்.
இங்கே கூரை இல்லை.
மேலே ஒரு கடற்காகம், அதுவும் ரொட்டிக்காக.

நான் அப்போது ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தடவை காட்டுவீங்களா?"
அவளுக்கே தெரியவில்லை என்ன செய்தாள் என்று.
சொன்னதும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
"வீட்லயும் பண்றேனாம். சாப்பிட்டுத் தட்டைக் கழுவினதும்.
பையன் கேலி பண்ணுவான்."
பிறகு எனக்காகக் கைதட்டி விரித்தாள்.
அது வேறு கை. நடிக்கத் தெரியாத கை.
முப்பத்தாறு.

கழுவிப் பார்த்தபோது
வெயில் மிஞ்சிப்போயிருந்தது.
அவள் உள்ளங்கைகள் வெள்ளை வெளேரென்று
காகிதத்தோடு காகிதமாக.
ஒரு ரேகைகூட விழவில்லை.

பிரதி ஒன்று அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்,
முகவரி கேட்க மறந்துபோனேன்.
படத்தில் தெளிவாக இருப்பது
சட்டையில் குத்திய பெயர்த் தகடு மட்டும்.
பெயரும், அதன் கீழ்
விருந்தாளிகள் பேச்சுக் கொடுப்பதற்காக
நிர்வாகம் பொறித்துவைத்த சொந்த ஊரும்:
நெனிதா,
இலோயிலோ.