கால் எடுத்தால் நிற்கும்

86ஆம் இலக்க ட்ராமில்
என் காலுக்குக் கீழே ஒரு மிதி.
அழுத்தியபடியே இருக்க வேண்டும்.
ஓட்டுபவன் சாய்ந்தால் கால் தளரும்,
கால் தளர்ந்தால் வண்டி தானே நிற்கும்.
பிரெஸ்டன் டிப்போவில் முதல் நாளே சொல்லித் தந்தார்கள்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
எனக்குப் பவானந்தண்ணாவின் ஞாபகம் வந்தது.

அவர் ஒஸ்லோவில், வாசலில் பனி தள்ளும்போது. நாற்பத்தொன்று.
சித்தப்பா பாரிஸில், மெத்ரோப் படிக்கட்டில். நாற்பத்து நாலு.
அப்பா கொக்குவிலில், சவரம் பாதியில். நாற்பத்தேழு.
ஒரு கன்னம் மழமழப்பாக,
மறு கன்னத்தில் நுரை காயாமல்.

எங்களில் பலர் வீசா இல்லாமல்தான் எல்லை கடந்தோம்.
அதுவும் அப்படித்தான் வந்தது.
ஒரு முகாமிலும் ஒருவரும்
அதை விசாரிக்கவில்லை.

நோர்த்கோட் கிளினிக்கில் தந்த படிவத்தில்
'குடும்ப வரலாறு' என்று போட்டு
மூன்று கோடு விட்டிருந்தது.
சரியாக மூன்று பேர். நிரப்பினேன்.
பிறகுதான் பெரியப்பா.
முப்பத்தெட்டு வயதில், சைக்கிளில் போகையில், ஷெல்.
அவருடைய நெஞ்சு எப்படி இருந்திருக்கும்?
இன்னும் ஆறு வருடத்தில் அதுவே கொண்டுபோயிருக்குமா,
இல்லை, தொண்ணூறு வரை இருந்து
எங்களை எல்லாம் பொய்யாக்கியிருப்பாரா?
இவரை எங்கே எழுதுவது என்று தாதியிடம் கேட்டேன்.
பேனாவை மூடினாள், திறந்தாள்,
"பொருந்தாது என்று போடுங்கள்" என்றாள்.

காலை நாலரைக்கு மெரி ஓடைக் கரையில் ஏழு கிலோமீட்டர்.
புகை இல்லை, போத்தல் இல்லை,
பொரியலை விட்டு ஒன்பது வருடம்.
பிறந்தநாள் வீடுகளில் மட்டன் றோல்ஸ் தட்டு
என் முன்னால் கொஞ்சம் நின்று, அப்பால் போகும்.
"நீர் ஈர்க்குப் போல இருக்கிறீர், உமக்கென்ன பயம்?"
என்பார் மகாலிங்கசிவம்
தன் வண்டியைத் தடவிக்கொண்டு.

டிப்போவில் டாரனுக்கு அறுபத்திரண்டு.
காலையில் ஓர் இறைச்சிப் பை, மாலையில் இன்னொன்று.
அவனுடைய ஸ்கேனில் சுண்ணாம்பு பூச்சியம்.
என்னுடையதில் முந்நூற்றுப் பத்து.
கேட்டதும் அவன் முகம் சிவந்தது,
எங்கோ கணக்குப் பிழைத்து
என் சம்பளம் தன் பெயரில் விழுந்ததைப் போல.

லிப்போபுரொட்டீன், பின்னால் ஒரு சின்ன ஏ.
கருவிலேயே எழுதியாயிற்று என்றார் டொக்டர் கொஸ்டெலோ.
ஓட்ஸுக்கு மசியாது. ஓட்டத்துக்கும் மசியாது.
"அப்ப நான் எதுக்கு ஓடுறன்?"
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
"மற்றக் கதவுகளையாவது பூட்டி வைக்கிறீர்" என்றார்.
அன்றும் மாத்திரை வாங்கிக்கொண்டு நடந்துதான் வந்தேன்.
மழையில். கோபமாகத்தான்.

ஆரணிக்குப் பதின்மூன்று.
அவளுக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி.
நளாயினி சொன்னாள், இப்ப வேண்டாம், சோதினை முடியட்டும்.
பிறகு, நெற்போல் இறுதியாட்டம் முடியட்டும்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு காலை, பல் தீட்டியபடி,
"அப்பா, எனக்கு எப்ப இரத்தம் எடுக்கிறது?"
கடைவாயில் நுரை.
ஒரு கன்னத்தில் கொஞ்சம்.
துவாயை எடுத்துத் துடைத்துவிட்டேன்.
பெரிய பிள்ளை, விடுங்கோ என்று கையைத் தட்டினாள்.

வியாழன். கடைசி வண்டி.
முடிவு நாளைக்கு வரும்.
ஜெர்ட்ரூட் தெரு வளைவில் சக்கரம் கிரீச்சிடுகிறது.
பின்னால் பதினொரு பேர்.
ஒருவன் நித்திரை. ஒருத்தி போனில் யாரையோ ஏசுகிறாள்.
என் ஒரு காலை நம்பி இருக்கிறார்கள்,
நம்புவது தெரியாமல்.
சிவப்பு விளக்கில் நிற்கையில்
மணிக்கட்டில் இரண்டு விரல் வைக்கிறேன்.
எண்ணுவதில்லை.
இருக்கிறதா என்று மட்டும்.

பச்சை.
மணியை ஒருதரம் அடித்துவிட்டு
மிதிக்கிறேன்.