பதினொரு வரி

இரவு இரண்டு பத்து. மாங்குளம் நிலையத்தில்
குளிரூட்டிக்கும் எனக்கும் மட்டும் வேலை.
வெளியே கார்த்திகை மழை.
ஏ-ஒன்பது வீதியில் ஒரு லொறி
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது.

மல்லாவி ஆஸ்பத்திரிக்கு லைன் இல்லை.
துணுக்காய்க் கோபுரத்தின் அடியில்
சாரத்தை மடித்துக் கட்டி நிற்கிறான் புஷ்பகாந்தன்.
"கேபிள் எல்லாம் சரியக்கா. லைற்றும் எரியுது.
ஒருக்கா உள்ளுக்குப் பாருங்கோ."

உள்ளுக்கு என்றால் ரவுட்டரின் ஞாபகம்.
அவசரத்தில் வடிகட்டியே இல்லாமல் கேட்டேன்:
உன்னிடம் உள்ளது எல்லாவற்றையும் தா.
முத்தையன்கட்டுக் குளத்தின் கட்டை வெட்டிவிட்டு
ஒரு செம்புத் தண்ணீர் கேட்டது போல.
நாலாயிரம் வரி புறப்பட்டது.
நனைந்த நுண்ணலை முந்நூறாவது வரியில்
எல்லாவற்றையும் கீழே போட்டது.
செஷன் செத்தது.

அடுத்து, கை பதறி,
உள்ளே ஒன்றும் எழுதாமல்
வெறும் வடிகட்டியை அனுப்பிவிட்டேன்.
ஒன்றும் வரவில்லை.
வடிகட்டி இல்லையென்றால் எல்லாம்.
இருந்து, வெறுமையாய் இருந்தால், சூனியம்.
படித்த காலத்தில் இதற்குச் சிரித்திருக்கிறேன்.

பிறகு வேரிலிருந்து இறங்கினேன்.
இடைமுகங்கள். அதற்குள் இடைமுகம்.
அதற்குள் பெயர், இதுதான் என்று அடித்துச் சொல்லி:
மூன்றாவது போர்ட்.
மற்றக் கிளை எதற்கும் கை நீட்டவில்லை.
கேள்வி இப்போது ஒரு சாவியின் அளவு.

பதில் உடனே வந்தது.
திறக்கும் அடையாளம், மூடும் அடையாளம்,
நடுவில் ஒன்றுமில்லை.
பிழை என்று சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

எழுத்தெழுத்தாய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
அந்தப் போர்ட்டை
புஷ்பகாந்தன் விரலால் தொட்டுக்கொண்டு நிற்கிறான்.
அப்படியென்றால் இருக்கிறது,
எனக்குக் காட்டத்தான் அனுமதி இல்லை.
இயந்திரம் அதை வாய்விட்டுச் சொல்லாது.
பார்க்க உரிமையில்லாததைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு
மிச்சத்தைத் தரும்.
மிச்சமும் இல்லையென்றால்
மரியாதையாய் ஒரு வெற்றுப் பெட்டி.

போன ஆவணியில் பிரதேச செயலகத்தில்
எங்கள் காணியின் இலக்கம் கொடுத்தேன்.
நானூற்றுப் பதினேழு. ஒரு கிணறு, இருபத்திரண்டு மரமுந்திரி.
எழுதுவினைஞர் பேரேட்டில் விரல் வைத்துப் போனார்,
பதினாறுக்குப் பிறகு பதினெட்டைத் தொட்டார்.
"அப்படி ஒண்டு இல்லைப் பிள்ளை."
முள்ளுக்கம்பிக்கு அங்கால்
கிணற்றுக் கப்பி இன்னும் தெரிகிறது,
பஸ்ஸில் நின்றுகொண்டு போனால்.

கொழும்புக்கு எடுத்தேன்.
ஹசித நித்திரைக் குரலில் மன்னிப்புக் கேட்டான்.
போன கிழமை விதிகளை இறுக்கினார்களாம்,
எங்கள் குழு விடுபட்டுப்போயிற்றாம்.
சேர்க்க அவனுக்கு நாற்பது செக்கன் பிடித்தது.

அதே கேள்வியை மறுபடி அனுப்பினேன்,
ஒரு எழுத்தும் மாற்றாமல்.

பதினொரு வரி.
பெயர், வகை, வேகம்.
இயங்குகிறதா என்ற இடத்தில், இல்லை.
யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.
அதற்கு மேலே, விவரக் குறிப்பில்,
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்த எவரோ
ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து வைத்திருந்தார்:
மல்லாவி ஆஸ்பத்திரி. தயவுசெய்து நிப்பாட்டாதேங்கோ.

நிறுத்தியவர் கல்நெஞ்சர் இல்லை.
அவருடைய வடிகட்டியில்
குறிப்பு என்ற இலை இருந்திருக்காது, அவ்வளவுதான்.

ஒரு சொல்லை மாற்றினேன்.

"வந்திட்டுதக்கா! என்ன செய்தனீங்கள்?"
"கேட்டனான்."
அவன் சிரித்தான். மழைக்குள் மோட்டார்சைக்கிள்
மூன்றாம் உதைக்குத்தான் உயிர் பிடித்தது.

விடிந்தால் திங்கள்.
செயலகத்தில் பொதுமக்களைப் பார்க்கும் நாள்.
ஏழு மணிக்கு என் முறை முடியும்.
கேள்வியை நான் மாற்றப்போவதில்லை.