கூட்டக் குறிப்பில் எழுதாதவை

புதன் மத்தியானம் மல்லாவிச் சந்தியால் திரும்பி
எங்கள் சங்கத்து வாசலில் நின்றது பட்டா லொறி.
நாலு சக்கரக் கதிரைகள்,
பொலித்தீன் கழற்றாத புதுசு.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு முகம் சிரித்தது,
கீழே விருப்பு இலக்கம்.

"கையெழுத்து ஒண்டு, படம் ஒண்டு.
வேற ஒண்டும் வேண்டாம்"
என்றான் கொண்டுவந்த பொடியன், பிரதாபன்.
படத்தில் நாங்களும் சிரிக்க வேண்டுமா என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சற்குணசீலனின் கதிரையில் இடது சில்லு
மாசியிலிருந்து சைக்கிள் ரியூப்பால் கட்டிக் கிடக்கிறது.
அவர் புதுசைப் பார்த்தார்.
கையை நீட்டி அதன் சில்லை ஒருதரம் சுழற்றினார்.
சத்தமே இல்லை.
அந்தச் சத்தமின்மையை எந்தப் பந்தியில் எழுதுவது?

யாப்பை எடுத்தேன். ஏழாம் பிரிவு,
நாங்களே கூடியிருந்து எழுதியது:
சங்கம் எந்தக் கட்சியையும் சாராது.
எவருக்காகவும் வாக்குக் கேட்காது.
கூரை ஒழுகி, 'சாராது' மட்டும்
மை ஊறிப் பரந்திருந்தது.

"சாராது எண்டால்
வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறதோ?"
நகுலாம்பிகைக்குக் கண் தெரியாது,
குரல் நேராக வந்து படும்.
"போனமுறை என்ர புள்ளடியை ஆரோ போட்டான்.
எங்க போட்டவன் எண்டு நான் ஆரைக் கேக்க?"

பொழுதுபடும்வரை கதைத்தோம்.
இரண்டு தரம் தேத்தண்ணி, சீனி முடிந்தது.
கடைசியில்தான் சற்குணசீலன் வாய் திறந்தார்:
"பள்ளிக்கூட மண்டபத்துக்கு மூண்டு படி.
இந்த நாலில எந்தக் கதிரை ஏறும்?"

"தேர்தல் முடிய, முகமில்லாமல் கொண்டு வாங்கோ,
பற்றுச்சீட்டுத் தருவம்" என்றேன்.
பொடியன் சிரித்தான், முதுகுப் படத்தைப் போலவே.

அன்றிரவே தெரிவத்தாட்சி அலுவலருக்குக் கடிதம்:
படிக்குச் சாய்தளம் வேண்டும்.
கண் தெரியாதவர் தான் நம்பும் ஒருவரைக்
கூட்டிக்கொண்டு போக வேண்டும்.
பிறகு ஒன்பது வேட்பாளருக்கும் ஒரே அழைப்பு.
ஆளுக்கு ஏழு நிமிடம், ஒரே கேள்வி, ஒரே சோடா.
யார் முதலில் என்பதற்கு
பால்மாப் பேணிக்குள் சீட்டுக் குலுக்கினோம்.
வந்தது மூன்று பேர்.
ஒருவர் எட்டாம் நிமிடத்திலும் பேசினார்,
நகுலாம்பிகை மணி அடித்தாள்.
அதற்குக் கைதட்டியது மற்றக் கட்சிக்காரன் என்பதால்
அவனுக்கும் ஒருதரம் அடித்தாள்.

இதையும் எழுதவில்லை:
ஞாயிற்றுக்கிழமை முத்திரையை லாச்சிக்குள் பூட்டி,
சங்க அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி,
என் காசில் பஸ் ஏறித் துணுக்காயில்
ஒரு கட்சிக் கூட்டத்தில் போய் நின்றேன்.
தர்மினியாக.
யாரோ "செயலாளர் அக்கா" என்று கூப்பிட்டார்கள்.
திரும்பவில்லை. பிறகு திரும்பினேன்.
கழுத்து அவ்வளவு தெளிவாக யாப்புப் படித்ததில்லை.

வாக்களிப்பு நாள். படியில் பலகை போட்டிருந்தார்கள்,
ஆணி ஒன்று தலை நீட்டியபடி.
சரிவு என்று சொல்ல முடியாது, சுவர் கொஞ்சம் சாய்ந்த மாதிரி.
தள்ள வந்த பொலிஸ்காரரிடம் "வேண்டாம்" என்றார் சற்குணசீலன்.
ரியூப் கட்டிய சில்லு கிறீச்சிட்டது.
மூன்று தரம் வழுக்கி, நாலாம் தரம் உள்ளே.
நகுலாம்பிகை தங்கச்சியின் தோளில் கைவைத்துப் போய்
மை விரலை எங்கள் பக்கம் உயர்த்திக்கொண்டு வந்தாள்,
நாங்கள் நின்றது மற்றப் பக்கம்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
அவர்களும் என்னைக் கேட்கவில்லை.

முகத்துக்குக் கதிரை கிடைத்தது.
எங்கள் நாலும் வரவில்லை.

புது ரியூப் ஒன்று வாங்கினோம்,
எழுநூற்று இருபது ரூபா.
பற்றுச்சீட்டு இருக்கிறது.