எலிதான் என்றேன்

காலை ஏழு மணி. பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
விசிறி சுழலவில்லை, பீப் இல்லை,
இருமிக்கொண்டே எழும் வழக்கமான முனகல்கூட இல்லை.
வெளியே எடைமேடை வரைக்கும் டிராக்டர்கள்.
இன்று பட்டுவாடா.

சுக்டிடியில் செப்டம்பர் என்றால்
மழைக்கு முந்தி ஹேசல் கொட்டையைக் காயவைப்பது,
மூட்டை கட்டுவது, எங்கள் கிடங்கில் கொண்டுவந்து இறக்குவது,
பிறகொரு நாள் என் மேசைமுன் நின்று
தன் பேருக்கு எதிரே என்ன எண் என்று எட்டிப்பார்ப்பது.
எண்ணெல்லாம் இந்தத் தகரப் பெட்டிக்குள்.

முதலில் சுவர். கெட்டிலை அதே துளையில் செருகினேன்;
தண்ணீர் கொதித்தது. சுவர்மேல் குற்றமில்லை.
திரையின் வயரைப் பிடுங்கி இதற்கு மாட்டினேன்.
இல்லை.
பின்பக்கத்துக் குட்டி சுவிட்ச் போட்டபடியேதான் இருக்கிறது.
எல்லாவற்றையும் கழற்றிவிட்டு
முப்பது எண்ணும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று.
வடிந்ததோ என்னவோ, விரல்தான் வெளுத்தது.

அப்போது ஜும்பர் வந்தார். முதலாளி.
கக்கத்தில் ஒரு நீல நோட்டு.
"செத்துப்போச்சா? விடு, எதெரி.
எல்லாம் இதில் எழுதி வைத்திருக்கிறேன்."

பெட்டிக்கு என்னவென்று
நான் இன்னும் யாரிடமும் சொல்லவேயில்லை.

ஓட்டுநர் முர்த்தாஸிடம் திருப்புளி வாங்கினேன்.
பக்கத் தகடு சுலபமாகக் கழன்றது.
நான்கு திருகில் இரண்டுதான் இருந்தன.
உள்ளே கொட்டைத்தோல் தூசு, விரற்கடை கனத்துக்கு.
வயரை மறுபடி மாட்டியதும்
அந்தத் தவிட்டு நிறத்துக்கு அடியில்
பச்சைப் பொட்டு ஒன்று எரிந்தது.
உயிர் இருக்கிறது.
கூப்பிடுவது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பொத்தானிலிருந்து வரும் இரட்டை இழையை
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
பாதி வழியில் இழை முடிந்துவிட்டது.

எங்கள் கிடங்கில் எலிக்குப் பஞ்சமில்லை.
எலி கடித்த வயர் எனக்குத் தெரியும்:
பிய்ந்து, நார்நாராய், எச்சில்பட்ட நூல்முனை மாதிரி.
இது அப்படியில்லை.
இரண்டும் ஒரே அளவில், நேராக,
நகம் வெட்டினாற்போல.

வாசலில் போந்தோ தொப்பியைக் கையில் பிடித்தபடி.
அவருக்குப் பின்னால் சியாலா; வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில்.
எனக்குச் சம்பளம் வர இன்னும் நான்கு நாள்.
நீல நோட்டு என் தோளுக்கு மேல் மூச்சு விடுகிறது.

"என்ன?" என்றார் ஜும்பர்.
"எலிதான்" என்றேன்.
"சனியன்" என்றார், கொஞ்சம் சீக்கிரமாகவே.

அறுந்த இழை பலகையில் சேரும் மூலையில்
இரண்டு ஊசிகள் நிற்கும், பக்கம் பக்கமாக.
இணைப்பை உருவிவிட்டுத்
திருப்புளி நுனியால் இரண்டையும் ஒருசேரத் தொட்டேன்.
ஒரு இமைப்பொழுது.
பெட்டி தும்மியது. தூசு கிளம்பியது.
விசிறி. பீப். திரையில் வெளிச்சம்.
வரிசையில் யாரோ கைதட்டினார்கள்,
யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போந்தோ: எண்ணூற்று நாற்பத்தாறு கிலோ.
மேசையில் நோட்டு விரிந்து கிடந்தது.
பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்:
எண்ணூற்று ஆறு.
திரையில் இருந்ததை உரக்கப் படித்தேன்.
சியாலா: நூற்று முப்பத்தெட்டு.
தெருவரைக்கும் கேட்கும்படி படித்தேன்.
ஜும்பர் நோட்டை மூடினார்.
பணத்தை எச்சில் தொட்டு எண்ணினார்.

மறுநாள் ஒரு எலிப்பொறி வந்தது.
பெட்டிக்குப் பக்கத்தில் அவரே வைத்தார்,
ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு.
தினமும் அதைத் தாண்டித்தான் உட்காருகிறேன்.

இழையை ஒட்டத் தெரியும். டேப்பும் இருக்கிறது.
ஒட்டவில்லை.
பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது,
யார் வேண்டுமானாலும் அழுத்திப் பார்க்கலாம்.
திருப்புளி என் கோட்டுப் பையில்.
முர்த்தாஸ் கேட்டான்.
தொலைந்துபோச்சு என்றேன்.